பெற்ற வரமும் உற்ற பணியும்

மத்தேயு எழுதின சுவிசேஷம் 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை நம்மிற் கேளாதார் இலர். ஐந்து பெற்றவன் பத்தாக்கினான். இரண்டு பெற்றவன் நான்காக்கினான். ஒன்று பெற்றவனோ அதனை நிலத்திற் புதைத்தான். இவ்வுவமையை முயற்சியைக் கற்பிக்கும் பாடமாகவே பெரும்பாலும் நாம் கொள்ளுகிறோம். ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்றும் புலனாகும். அப்பொருள் மூவருள் எவருடையதுமன்று, தலைவனுடையது. புதைத்தவன் அதனைத் திருடவுமில்லை, வீணே செலவிடவுமில்லை; ஒருவர்க்கும் பயன்படாமற் காத்ததே அவன் குற்றமாயிற்று.

வரம் என்பது யாது? ரோமருக்கு எழுதிய நிருபம் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் போதித்தலையும், ஊழியத்தையும், பகிர்ந்து கொடுத்தலையும், இரக்கஞ் செய்தலையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுகிறார். பேதுருவோ வரம் பெற்றவரை உக்கிராணக்காரர் என்கிறார். உக்கிராணத்தின் திறவுகோல் ஒருவனிடம் இருப்பது வீட்டார் அனைவரும் உண்ணும் பொருட்டேயன்றி, அவன் ஒருவனே உண்ணும் பொருட்டன்று.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே, வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில், 'சேவா மந்திர்' என்னும் கல்விக்கூடம் எழுந்த வரலாறே அது. அதனை நிறுவியவர் ஆன் மேரி பீட்டர்சன் அம்மையார். டென்மார்க்கு நாட்டில் 1878-இல் பிறந்து, 1909-இல் தேனிஷ் மிஷன் ஊழியராக இந்நாடு போந்தார். அவர் பெற்ற வரம் கற்பித்தல். தாய்மொழியின் வாயிலாகவே மக்கள் உள்ளம் விழிப்படையும் என்று போதித்த குருவும் கவிஞருமாகிய குருண்ட்விக் என்பார் பிறந்த நாட்டினர் அவர். ஆகவே, கிறிஸ்துவைப் பின்பற்றுதற்கு ஒரு பெண் தன் மொழியையும் நடையுடையையும் துறக்க வேண்டுவதில்லை என்று துணிந்தார்.

1917-இல் அம்மையாரும் அவர்தம் தோழியாகிய எஸ்தர் பேரிங் அம்மையாரும் அகமதாபாத்து சென்று காந்தியடிகளின் ஆசிரமத்தைக் கண்டனர். அக்காட்சி இருவர் வாழ்வையும் மாற்றியது. பீட்டர்சன் அம்மையார் 1920-இல் மிஷன் ஊழியத்தினின்றும் விலகினார். அதனோடு அது தந்த ஆதரவும் நீங்கிற்று. 1921 செப்டம்பரில் பரங்கிப்பேட்டையிற் பெண்கள் பள்ளிக்குக் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். அதே மாதம் 22-ஆம் நாள் மதுரையில் அவர் அரைவேட்டி புனைந்தமையை யாவரும் அறிவர். 1951-இல் காலமாகுமளவும் இப்பள்ளிப் பணியே அம்மையாரின் வாழ்வாயிற்று.

இதனின்றும் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. முதலாவது, வரம் பெறுவோரின் தேவைக்கேற்ப அமைதல் வேண்டும். கொடுப்பவர் தமக்கு எளிதாயதைக் கொடாமல், கொள்பவர்க்கு உரியதைக் கொடுத்தார். இரண்டாவது, வரத்தைப் பயன்படுத்துவோன் எதையேனும் இழக்க நேரும். எல்லாரும் தம் சபையையும் வேலையையும் விட்டு வெளியேற வேண்டுமோ எனில், அன்று. இருந்த இடத்திலேயே உண்மையாய் உழைத்தோர் பலர். ஆனால் யாதொன்றும் இழவாத சேவை சேவைதானா என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் கேட்டறிதல் நன்று.

இறைவன் தன் கொடையை நம்மவர்க்கு மட்டுமே அளந்தானென்று எண்ணுவதும் பிழை. சிதம்பரத்திலே சுவாமி சகஜானந்தர் 1916-இல், கல்வி மறுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக நந்தனார் பெயராற் பள்ளி தொடங்கினார். ஏறத்தாழ ஒரே காலத்தில், அருகருகே இரு விளக்குகள் ஏற்றப்பட்டன. ஒன்றின் ஒளி மற்றொன்றைக் குறைக்கவில்லை.

இனி, தமிழ் பயிலும் நம் நிலை யாது? யாப்பும் அணியும் கற்கின்றோம். தேர்விற் பரிசும் பெறுகின்றோம். ஆயின், விண்ணப்பம் எழுத அறியாத முதியவர் ஒருவர் தாளை நீட்டி நிற்கையில், 'படிக்க வேண்டும், நேரமில்லை' என்று நான் கடந்து சென்றதுண்டு. அன்று மாலை தாலந்து உவமையை வாசித்தபோது, மண்வெட்டி என் கையிலிருக்கக் கண்டேன். மறுநாள் அவரைத் தேடினேன், காணவில்லை.

அன்பர்களே! நம் தலைவர் கணக்குக் கேட்குங் காலத்தில் எத்தனை மதிப்பெண் பெற்றாய் என்று வினவார். யாருக்குக் கொடுத்தாய் என்றே வினவுவார். புதைத்ததைத் தோண்டியெடுக்க இன்னும் பொழுதுளது. கையிலுள்ளது ஒரு தாலந்தேயாயினும் இன்றே எடுத்து வழங்குவோமாக.