ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடிய பிஎம்டபிள்யூவை வாங்கலாமா?

கேள்வி: 2010 மாடல் பிஎம்டபிள்யூ 320டி, ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடியது, மலிவாக வருகிறது. நம்பி வாங்கலாமா?
- வாசகர், ஐயப்பன்தாங்கல்

பதில்: ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்றால் மனம் விடாது, அருமையான வண்டி. 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலேயே பிஎம்டபிள்யூ கார்களைப் பூட்டுகிறார்கள். ஆனால் வாங்கும் விலையல்ல, வாங்கிய பிறகு வரும் செலவுதான் கேள்வி.

முதலில் டைமிங் செயின். இந்த வண்டியின் என்47 டீசல் இன்ஜினில் அது பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்ற இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். காலையில், ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து இன்ஜினின் பின்பக்கம் காது கொடுங்கள். கரகரவென உரசும் சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 15 ஆண்டுப் பதிவு முடிந்திருக்கும், ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா என்பதையும் கேளுங்கள். ரன்-பிளாட் டயர் என்பதால் ஸ்டெப்னி கிடையாது. மவுண்ட்-பூந்தமல்லி சாலைப் பள்ளங்களில் அந்த டயர் படும் பாட்டையும் யோசியுங்கள்.

செயின் மாற்றியதற்கு பில் இருந்து, வீட்டில் இன்னொரு வண்டியும் இருந்தால் வாங்குங்கள். தினமும் ஆபீஸ் போக இருக்கும் ஒரே கார் இதுதான் என்றால் வேண்டாம்.