பழைய டர்ட் பைக் வாங்கும் முன்: பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஒரு பாடம்



டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கல்வி உதவி விஷயமாக வரும் பெற்றோர் சிலர், பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் கேட்கிறார்கள். "பையன் டர்ட் பைக்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். புதுசு வாங்க வசதியில்லை. பழசு ஒண்ணு வருது, வாங்கலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் எல்லோருக்கும் பயன்படும். வண்டி விஷயம் தெரிந்த நம் மஹல்லா மெக்கானிக் சகோதரர்களிடமும் கலந்து பேசித்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கரடுமுரடான தரையில் ஓடிய வண்டியைச் சாதாரண வண்டி பார்ப்பதுபோல் பார்த்து வாங்கக் கூடாது. பெட்ரோல் டேங்கும் சீட்டும் பளபளவென்று இருக்கும். அடி வாங்கியதெல்லாம் கீழேயும் உள்ளேயும் இருக்கும்.

1. முதலில், அது எந்த வகை வண்டி?

நம் பிள்ளைகள் "டர்ட் பைக்" என்று ஒரே பெயரில் சொல்வது நான்கு வேறு வேறு வண்டிகளை.

முதல் வகை, மண் தடத்துக்கென்றே செய்தவை. கவாசாகி கே.எல்.எக்ஸ். 110, கே.எல்.எக்ஸ். 140 போன்றவை. இவற்றுக்கு நம்பர் பிளேட் கிடையாது. சாலையில் ஓட்டப் பதிவும் கிடைக்காது.

இரண்டாம் வகை, சாலையிலும் மண்ணிலும் ஓடும் பதிவு பெற்ற வண்டிகள். 2011-ல் வந்த ஹீரோ இம்பல்ஸ், 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, நம் சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2016-ல் இறக்கிய 411 சி.சி. ஹிமாலயன் ஆகியவை இதில் அடங்கும். பழைய வண்டிச் சந்தையில் அதிகம் கிடைப்பவை இவைதான்.

மூன்றாம் வகை, சாதாரண பைக்கைப் பிரித்து, முள் டயர் மாட்டி, சைலன்சர் மாற்றி டர்ட் பைக் போல ஆக்கியவை. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு.

நான்காம் வகை, சிறுவர்களுக்கென்று விற்கப்படும் 49 சி.சி. குட்டி வண்டிகள். இவற்றுக்கும் பதிவு கிடையாது.

பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. சட்டத்தில் "பொது இடம்" என்பது தார் ரோடு மட்டுமல்ல. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் அதில் சேரும். ஏரிக்கரையிலும் விளையாட்டு மைதானத்திலும் ஓட்டினால் கேள்வி இல்லை என்று பிள்ளைகள் சொன்னால் நம்பாதீர்கள். எனவே குடும்பத் தேவைக்கு வாங்குவதாக இருந்தால் இரண்டாம் வகையைத் தவிர மற்றதை நினைக்கவே வேண்டாம்.

2. ஓட்டப் போகிறவருக்கு வயது என்ன?

கியர் உள்ள இந்த வண்டிகளை ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டுமே.

2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. பிளஸ் டூ படிக்கும் மகனின் பிடிவாதத்துக்கு இணங்கினால் கொடுக்க வேண்டிய விலை இது.

உயரத்தையும் பாருங்கள். எக்ஸ்பல்ஸ் 200-ன் இருக்கை தரையிலிருந்து 823 மில்லிமீட்டர். உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் ஊன்ற வேண்டும். எட்டாதவர் ஓட்டினால் சிக்னலில் நிற்கும்போதே வண்டி சாயும்.

3. வண்டியைப் பார்க்கும் முறை

காலை வெளிச்சத்தில் போங்கள். "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் உள்ள குறையை மறைக்கச் சூடேற்றி வைத்திருக்கலாம். ஆறும் வரை காத்திருங்கள்.

*அடிப்பகுதி:* கீழே குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் உள்ள காப்புத் தகட்டில் கீறல் இருப்பது சகஜம். அது உள்வாங்கி நசுங்கியிருந்தால் பாறையில் மோதியிருக்கிறது. ஃபிரேமில் புது வெல்டிங், ஒரு இடத்தில் மட்டும் புது பெயின்ட், மயிரிழை விரிசல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விலை பேசாமல் திரும்பி விடுங்கள். மற்றதை எல்லாம் மாற்றலாம். ஃபிரேம் போனால் வண்டியே போனது.

*முன் ஃபோர்க்:* மண் வண்டியில் ஃபோர்க் நீளம்; எக்ஸ்பல்ஸில் 190 மில்லிமீட்டர் வரை அமுங்கி எழும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை அமுக்கிப் பாருங்கள். குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. சீல் மாற்றுவது பெரிய செலவல்ல. ஆனால் குழாயிலேயே ஆழமான கீறல் இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. முன்சக்கரத்தை நேராக வைத்து எதிரில் நின்று பாருங்கள். ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பி இருந்தால் விழுந்த வண்டி.

*கோன் செட்:* முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கச் சொல்லி, ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் "டக்" என்று சிக்கினால் கோன் செட் தேய்ந்துவிட்டது.

*சக்கரங்கள்:* இவை ஸ்போக்ஸ் வீல். ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லொட லொடப்பு இருக்கக் கூடாது. இருந்தால் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்மானம். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டிக்கு இது சீக்கிரம் வரும்.

*செயின், ஸ்பிராக்கெட்:* பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பின்னோக்கி இழுங்கள். பல் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செட்டாக மாற்ற வேண்டும். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாலும் அப்படியே.

*ஏர் ஃபில்டர்:* எல்லோரும் விட்டுவிடும் இடம் இது. மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபில்டரில் தூசி இருப்பது தவறில்லை. ஃபில்டரைத் தாண்டி, இன்ஜின் பக்கம் போகும் குழாய்க்குள் விரல் விட்டால் மண் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அந்த இன்ஜின் மண்ணைக் குடித்திருக்கிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் உப்புத்தாள் தேய்த்ததுபோல் தேய்ந்திருக்கும். அதற்கு அடையாளம், ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது வரும் நீல நிறப் புகை.

*ஓட்டிப் பார்க்கும்போது:* மூன்றாம் கியரில் மெதுவாகப் போய் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிரேக் பிடிக்கும்போது லீவர் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், சாவி போட்டதும் அந்த விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். பல்பையோ இணைப்பையோ பிடுங்கியிருக்கலாம்.

கிலோமீட்டர் குறைவாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஏற்காடு மலையில் கல்லிலும் சேற்றிலும் ஓடிய 5,000 கிலோமீட்டரும், அண்ணா நகர் ஆபீசுக்குப் போய்வந்த 5,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர், கைப்பிடி ரப்பர் ஆகியவற்றின் தேய்மானமே உண்மையைச் சொல்லும்.

4. வெள்ளத்தில் நின்ற வண்டியா?

நம் பகுதிக்கு இது தனிப் பாடம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் தண்ணீர் நின்றதையும் நாம் மறக்க முடியாது. அப்போது மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு, கை மாறிக் கை மாறிச் சந்தையில் சுற்றுகின்றன.

சீட்டைக் கழற்றி வயர் கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஹெட்லைட், மீட்டர் கண்ணாடிக்குள் ஈரப்பூச்சு, ஃபிரேம் மூலைகளில் காய்ந்த வண்டல், சீட்டுக்கு அடியில் துருப்பிடித்த போல்ட் எல்லாம் சாட்சிகள். ஆயில் பாலும் டீயும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சாரும் கண்ட்ரோல் யூனிட்டும் இருப்பதால், வெள்ளத்தின் விளைவு ஆறு மாதம் கழித்துக்கூட வரலாம்.

இங்கே ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சார்ந்தவர் அல்ல என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. மழை பெய்தது வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை மறைத்ததே குற்றம். வாங்குகிறவருக்கும் இதில் பாடம் உண்டு: மேலே பார்த்துவிட்டு வராமல், உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

5. காகிதங்கள்

வண்டியில் ஏமாந்தால் பணம்தான் போகும். காகிதத்தில் ஏமாந்தால் கோர்ட்டுக்கு அலைய நேரும்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். புதுப்பேட்டையில் நியாயமாகப் பாகம் விற்கும் கடைகள் ஏராளம். ஆனால் ஒரு வண்டியின் இன்ஜின் இன்னொரு வண்டிக்கு வந்திருந்தால் அதற்கு ஆர்.டி.ஓ. பதிவு இருக்க வேண்டும். எண்ணைச் சுரண்டியிருந்தாலோ, பொறித்த இடம் கரடாக இருந்தாலோ விலகிவிடுங்கள். எம்-பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவு, காப்பீட்டு விவரம் தெரியும். போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் "வாகன் சமன்வய்" சேவையில் சரிபார்க்கலாம்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். கர்நாடக, புதுச்சேரி பதிவு வண்டி மலிவாகத் தெரியும். அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். கணக்குப் போட்டால் மலிவாக இராது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். "கையெழுத்துப் போட்ட ஓப்பன் ஃபார்ம் இருக்கு, அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சுக்கு இரு தரப்பும் இடம் கொடுக்கக் கூடாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்து நடந்த நாளில் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்; வண்டி பல கை மாறியிருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே. இன்று வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பவர், நாளை முகம் தெரியாத ஒருவர் செய்த விபத்துக்கு லட்சக்கணக்கில் கட்ட நேரலாம்.

வாங்கியவருக்கும் ஆபத்து உண்டு. உரிமையாளரே ஓட்டி விபத்தில் இறந்தால் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டி அவர் பெயரில் இருந்து, செல்லுபடியாகும் உரிமமும் இருந்தால்தான் பயன்படும். பெயர் மாறாமல் ஓட்டுகிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் குடும்பம் இழப்போடு வெறும் கையுடன் நிற்கும். பந்தயத்தில் ஓட்டி நேரும் விபத்துக்கும் சாதாரண பாலிசி பொறுப்பேற்காது.

6. பேரம் முடிக்கும்போது

விலையில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று ஒதுக்கிய பிறகே பட்ஜெட் போடுங்கள். டயர், செயின் செட், பிரேக் பேட், ஆயில் ஆகியவை எப்படியும் வரும். நல்ல ஹெல்மெட், முழங்கால் காப்பு, பூட்ஸ் ஆகியவையும் வண்டியின் விலையோடு சேர்ந்தவை. அதற்குப் பணம் இல்லையென்றால் வண்டிக்கும் பணம் இல்லை என்று அர்த்தம்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதும் சாட்சி வைப்பதும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தரும் ஒழுங்கு. தேதி, நேரம், தொகை, சேஸிஸ் எண், விற்பவர் சொன்ன குறைகள் எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். குறை தெரிந்தால் மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று நிபந்தனை பேசிக்கொள்ள மார்க்கத்தில் இடம் உண்டு. நேர்மையான விற்பனையாளர் இதற்குத் தயங்க மாட்டார்.

சுருக்கமாக, கையில் வைத்துக்கொள்ள:

1. பதிவுள்ள வண்டியா? ஓட்டுபவருக்கு 18 நிரம்பி உரிமம் உள்ளதா?
2. இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா?
3. ஃபிரேமில் விரிசல், வெல்டிங் உண்டா?
4. ஃபோர்க், கோன் செட், ஸ்போக்ஸ், பேரிங்.
5. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் மண் உண்டா?
6. வெள்ள அடையாளம் உண்டா?
7. சேஸிஸ், இன்ஜின் எண் பொருந்துகிறதா?
8. ஃபைனான்ஸ், அபராதம், திருட்டுச் சரிபார்ப்பு.
9. படிவம் 29, 30 அன்றே; பெயர் மாற்றம் 30 நாளுக்குள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மண்ணில் ஓட்டும் ஆசை தவறல்ல. அது ஒரு திறமை. ஆனால் அதற்குப் பயிற்சியும், அதற்கென்று ஒதுக்கிய தடமும் உண்டு. நம் தெருவும், மாலையில் பெரியவர்கள் நடக்கும் ஏரிக்கரையும் அதற்கான இடமல்ல.

படிவங்களை நிரப்பத் தெரியாதவர்கள் மக்ரிப் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். கட்டணம் இல்லை. வண்டியை வாங்கிய பிறகு வராமல், முன்பணம் கொடுக்கும் முன் வாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் உயிரையும், நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்