'அன்லிமிடெட்' இணையத்துக்கும் உண்டு ஓர் அளவு

கடந்த தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில், கூரத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் பட்டு ஜவுளிக் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஜனவரி 19ஆம் தேதி மதியம். கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பம் கல்லாப்பெட்டி முன் காத்திருக்கிறது. கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ரசீது வரவில்லை. உள்ளே கணக்கர், பெங்களூருக்குப் போகவேண்டிய பார்சலுக்கு இ-வே பில் எடுக்க உட்கார்ந்தவர், அரை மணி நேரமாக ஒரே பக்கம் திறக்கக் காத்திருக்கிறார். வெளி மாநிலத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு இ-வே பில் இல்லாமல் போகமுடியாது என்பதை நம் உறுப்பினர்கள் அனைவரும் அறிவர். கடைக்குள் கைப்பேசி சிக்னலும் குறைவு. மகன் மொட்டை மாடிக்குப் போய்த் தன் போனிலேயே பில் எடுத்து முடிப்பதற்குள் மாலை லாரி கிளம்பிவிட்டது. சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர, முகூர்த்தம் நெருங்கிவிட்டதென்று சொல்லி பெங்களூர் வியாபாரி பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்தபோது கிடைத்த பதில்: "லைன்ல கோளாறு ஒண்ணும் இல்லை சார். உங்க டேட்டா முடிஞ்சுபோச்சு, ஸ்பீடு குறைஞ்சிருக்கு."

உறுப்பினருக்கு வந்த கோபம் நியாயமானதே. அவர் எடுத்திருந்தது 'அன்லிமிடெட்' திட்டம். அதில் என்ன தீரும்? எப்படித் தீரும்? அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில் நாம் கற்றுக்கொண்டதையே இங்கு பாடமாக வைக்கிறோம்.

தீர்ந்தது எப்படி?

அவருடைய திட்டத்தில் வேகம் 30 எம்.பி.பி.எஸ். மாதத்துக்கு 3300 ஜி.பி. வரை அந்த வேகம் கிடைக்கும். அதற்குமேல் இணைப்பு அறுந்துபோகாது, கூடுதல் கட்டணமும் கிடையாது. ஆனால் வேகம் 2 எம்.பி.பி.எஸ்.ஸாக இறங்கிவிடும். 'அன்லிமிடெட்' என்று விளம்பரத்தில் சொல்வது இதைத்தான். மாதம் முழுவதும் ஓடும் என்பது உண்மை, ஒரே வேகத்தில் ஓடும் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்ற பெயரில் சிறிய எழுத்தில் இது அச்சாகியிருக்கும்.

3300 ஜி.பி. என்பது சாதாரண அளவு அன்று. நாளொன்றுக்கு 110 ஜி.பி. விழுகிறது. நல்ல தரத்தில் ஒரு மணி நேரம் சினிமா பார்த்தால் சுமார் 3 ஜி.பி. ஆகும். வீட்டில் நான்கு பேரும் ஆளுக்கொரு திரையில் நாள் முழுவதும் பார்த்தால் அல்லவா 110 ஜி.பி. தீரும்? கடை வேலையோ அதைவிட மிகச் சொற்பம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இ-வே பில், வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப்பில் சேலைப் படம் அனுப்புவது, எல்லாம் சேர்த்தாலும் மாதத்துக்குச் சில ஜி.பி.தான்.

அப்படியானால் தின்றது யார்? மேலே சுவரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன, எட்டு கேமராக்கள்.

தீபாவளிக்கு முன் புதிதாகப் பொருத்திய கேமராக்கள் அவை. பொருத்த வந்தவர், "திருடன் பெட்டியைத் தூக்கிட்டுப் போனாலும் ரெக்கார்டிங் பத்திரமா இருக்கும் சார்" என்று சொல்லி, எட்டின் பதிவும் இரவு பகலாக இணையம் வழியே வெளியூர் சர்வருக்குப் போகும்படி வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. கணக்கைத்தான் சொல்லாமல் விட்டார். அதை நாம் போடுவோம்.

ஒரு கேமரா 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் படம் அனுப்புகிறது என்று வையுங்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 2 மெகாபிட் என்பது நொடிக்குக் கால் எம்.பி. ஒரு நாளைக்கு 86,400 நொடி, எனவே 21,600 எம்.பி., அதாவது 21.6 ஜி.பி. எட்டு கேமராவுக்கு நாளொன்றுக்கு 172.8 ஜி.பி. வேறு எவரும் இணையத்தைத் தொடாவிட்டாலும் 3300 ஜி.பி. பத்தொன்பது நாளில் தீரும். கடைப் பயன்பாடும் சேர்ந்ததால் 19ஆம் தேதி மதியமே தீர்ந்துவிட்டது. முந்திய மாதங்களிலும் கடைசிப் பத்து நாள் இப்படித்தான் இருந்திருக்கும். மார்கழியில் வியாபாரம் மந்தம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. தை முகூர்த்தத்தில் மாட்டிக்கொண்டார்.

நாம் அனுப்புவதும் நமக்கு வருவதும் சேர்ந்தே பெரும்பாலான திட்டங்களில் கணக்காகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேமரா எதையும் இறக்குவதில்லையே, ஏற்றத்தானே செய்கிறது என்று உறுப்பினர் கேட்டார். கடைக்குள் வரும் சரக்குக்கும் வெளியே போகும் சரக்குக்கும் வண்டி வாடகை உண்டல்லவா, அதுபோலத்தான்.

2 எம்.பி.பி.எஸ். போதாதா?

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுவே. உண்மையில் 2 எம்.பி.பி.எஸ். ஒரு கடையின் அலுவலுக்குப் போதும். 2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்ட் என்பதற்கு வகுத்த குறைந்தபட்ச வேகமே அதுதான். 300 கே.பி. அளவுள்ள சேலைப் படம் அந்த வேகத்தில் ஒன்றேகால் நொடியில் போய்விடும். இ-வே பில் பக்கம் தாராளமாகத் திறக்கும். பிறகு ஏன் திறக்கவில்லை?

வேகம் குறைந்தது கேமராக்களுக்குத் தெரியாது. அவை எட்டும் சேர்ந்து 16 எம்.பி.பி.எஸ். கேட்டுக்கொண்டே இருந்தன, கிடைத்ததோ 2. ஒற்றை வண்டி போகும் சந்தில் எட்டு லாரிகள் மூக்கை நுழைத்து நிற்க, பின்னால் சைக்கிளில் வந்தவர் எப்படிப் போவார்? அந்தச் சைக்கிள்காரர்தான் நம் இ-வே பில். அன்று மதியம் யாராவது கேமரா பெட்டியிலிருந்து வந்த ஒயரை மோடத்திலிருந்து கழற்றியிருந்தால், அடுத்த நிமிடமே கார்டு மெஷினும் வேலை செய்திருக்கும், பார்சலும் மாலை லாரியில் ஏறியிருக்கும். ஒரு ஒயர்!

கோபத்தில் உறுப்பினர் செய்யவிருந்த காரியம் வேறு. கூடுதல் கட்டணம் கட்டி அதிக வேகத் திட்டத்துக்கு மாறப் போனார். நம்மில் பலர் செய்யக்கூடிய தவறு இது. 2020 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் பைபர் திட்டங்களை அறிவித்தபோது ரூ. 449க்கு 30 எம்.பி.பி.எஸ்., ரூ. 799க்கு 100, ரூ. 999க்கு 200 என்று வைத்தது. மூன்றுக்கும் மாத அளவு அதே 3300 ஜி.பி.தான், தீர்ந்தபின் வேகமும் அதே 2தான். அகலமான குழாய் போட்டாலும் தொட்டி அதே தொட்டி. 100 எம்.பி.பி.எஸ்.ஸில் முழு வேகத்தில் இழுத்தால் மூன்று நாளில் காலி. ஆகவே திட்டம் மாற்றுவதற்கு முன் வேகத்தை மட்டும் கேளாமல், மாத அளவு எவ்வளவு, தீர்ந்தபின் வேகம் எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த அளவு எங்கிருந்து வந்தது?

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது விற்றது மணிக் கணக்கு. இத்தனை மணி நேரம் என்று வாங்கி, டெலிபோன் பில்லையும் தனியே கட்டினார்கள். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டா ஒன் பிராட்பேண்ட் வந்தபின் மணிக் கணக்கு போய் எம்.பி. கணக்கு வந்தது. மாதத்துக்கு இத்தனை எம்.பி. இலவசம், அதற்குமேல் ஒவ்வொரு எம்.பி.க்கும் காசு. அந்த நாளில் பையன் ஒரு படம் இறக்கியதற்கு ஆயிரக்கணக்கில் பில் வந்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றவர்கள் நம்மிடையே உண்டு. பிறகே, காசு கேட்காமல் வேகத்தைக் குறைக்கும் முறை பரவியது. 2020 செப்டம்பரில் ஜியோ பைபர் 3300 ஜி.பி. அளவோடு 'அன்லிமிடெட்' என்று விற்கத் தொடங்க, மற்றவர்களும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே காம்காஸ்ட் நிறுவனம் 2008 அக்டோபரில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 ஜி.பி. என்று வரம்பு வைத்தது. 2020இல் அது 1200 ஜி.பி. ஆகியிருந்தது.

நிறுவனங்கள் சொல்லும் காரணம், ஒரு சிலர் அளவுக்கு மீறி இழுத்தால் மற்றவர்களுக்குக் கிடைக்காது என்பது. இதில் பாதி உண்மை உண்டு. தெருவுக்கு வரும் ஒரே பைபர் இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் நெருக்கடி வருவது இரவு எட்டு மணிக்கு, எல்லா வீட்டிலும் டி.வி. ஓடும்போது. மாத அளவோ விடியற்காலை மூன்று மணிக்கு இழை வெறுமனே கிடக்கும்போது இழுத்ததையும் அதே கணக்கில் எழுதிக்கொள்கிறது. நம் ஊருக்கு இது புதிதாகத் தோன்றவேண்டியதில்லை. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த செய்தி, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டிலேயே இருக்கிறது. ஏரிப் பாசனம் செய்கிறவர்கள் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இன்னின்ன நேரம் இன்னாருக்கு என்று. மறுகால் போகும் நாளில் யாரும் முறை கேட்பதில்லை. டேட்டா ஒன் நாளில் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இழுப்பது கணக்கில் சேராது என்று வைத்திருந்தார்கள். அது இந்த முறைக்குப் பக்கத்தில் வந்த ஏற்பாடு. ரிட்டர்ன் லாரிக்கு வாடகை குறைத்துப் பேசும் நம் போன்றவர்களுக்கு அது உடனே புரியும். இன்றைய மாத அளவு நெரிசலைக் குறைப்பதற்கு என்பதைவிட, மேல் திட்டங்களை விற்பதற்கே அதிகம் பயன்படுகிறது என்பது நம் கருத்து.

நம் உரிமை என்ன?

டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012 ஜூலையில், மாத அளவு எவ்வளவு, அதுவரை வேகம் எவ்வளவு, பிறகு எவ்வளவு என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்லவேண்டுமென உத்தரவிட்டது. 2016 அக்டோபர் 31 உத்தரவில், அளவு தீர்ந்தபின் வேகம் 512 கே.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழே போகக்கூடாது என்றும், பாதி தீர்ந்தபோதும் முழுதும் தீர்ந்தபோதும் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பவேண்டும் என்றும் சொன்னது. நம் உறுப்பினருக்கும் தகவல் போயிருக்கிறது. ஆனால் இணைப்பு வாங்கியபோது கொடுத்த கைப்பேசி எண்ணை அவர் விட்டு இரண்டு வருடமாகிறது! உங்கள் இணைப்பு எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். மாதம் எத்தனை ஜி.பி. ஓடியிருக்கிறது என்பதை நிறுவனத்தின் செயலியில் பார்க்கலாம். சரக்கு இருப்பு பார்ப்பதுபோல் பத்தாம் தேதி, இருபதாம் தேதி இரண்டு முறை பார்த்தால் போதும்.

கேமராவுக்கு என்ன செய்தார்?

எட்டின் பதிவையும் கடையிலேயே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றும்படி மாற்றினார். 4 டி.பி. டிஸ்க்கில் அதே தரத்தில் 23 நாள் பதிவு நிற்கும். ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதியும்படி வைத்தால் இன்னும் அதிக நாள். திருடன் பெட்டியைத் தூக்கிவிடுவான் என்ற பயத்துக்காகக் கல்லாவைப் பார்க்கும் ஒரு கேமராவை மட்டும் வெளி சர்வருக்கு விட்டுவைத்தார். அதற்கு மாதம் 648 ஜி.பி. ஆகிறது. 3300இல் அது பெரிய பாரம் இல்லை. டிஸ்க் பெட்டியைப் பரணில் பூட்டி வைத்தார்.

முகூர்த்த மாதங்களில் கைவசம் ஒரு மாற்று வழியும் வேண்டும். கைப்பேசி ஹாட்ஸ்பாட் போதும், ஆனால் அதற்கும் தினசரி அளவு உண்டு. பல திட்டங்களில் நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜி.பி., தீர்ந்தால் 64 கே.பி.பி.எஸ். அந்த வேகத்தில் ஒரு சேலைப் படம் போக நாற்பது நொடி ஆகும். ஹாட்ஸ்பாட்டில் கணக்கரின் கம்ப்யூட்டரை மட்டும் சேர்க்கவேண்டும். கடைப் பையன்களின் போன்களும் கேமராவும் அதில் ஒட்டிக்கொண்டால் அரை மணியில் பழைய கதைதான்.

கடைசியாக ஒரு ஜி.எஸ்.டி. செய்தி. இணையக் கட்டணத்துக்கு 18 சதவீதம் வரி. ரூ. 449 திட்டமானால் வரி ரூ. 80.82, மொத்தம் ரூ. 529.82. பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இருந்தால்தான் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கமுடியும். நம் பக்கத்தில் வீடும் தறியும் கடையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது வழக்கம் என்பதால் பலரும் வீட்டுப் பெயரிலேயே இணைப்பு வாங்கி, இதை வருடக்கணக்காக விட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கும் கடைக்கும் பொதுவான இணைப்பானால் வியாபாரப் பங்குக்கு மட்டுமே எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. பெயர் மாற்றும்போது, கடை உபயோகத்துக்கு வீட்டுத் திட்டம் செல்லுமா, தனித் திட்டம் கேட்பார்களா என்பதையும் அதே மூச்சில் விசாரித்துவிடுங்கள்.