நம்பிக்கைகளும் உண்மைகளும்: வறட்சி மூச்சையும் வாட்டும்

வறட்சி என்றாலே நமக்குக் காலிக் குடம்தான் நினைவுக்கு வருகிறது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் இல்லை. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்தக் கோடையைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் தண்ணீரைப் பற்றியே கவலைப்பட்டார்கள். அதே மாதங்களில் நகரின் தென்புறநகர்களான பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கத்து மக்கள் எந்தக் காற்றைச் சுவாசித்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. வறட்சிக்கும் காற்றுக்கும் உள்ள உறவைப் பாலைவன நாடுகளின் சங்கதியாக நாம் ஒதுக்கி வைத்திருப்பதே அதற்குக் காரணம். அந்த எண்ணத்துக்கு அடியில் இருக்கும் ஐந்து நம்பிக்கைகளை இங்கே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: தூசிக் காற்று பாலைவனத்தின் பிரச்சினை, மழை பெய்யும் கடலோர ஊருக்கு அந்தக் கவலை இல்லை.

உலகிலேயே அதிகமாகத் தூசி கிளம்பும் இடம் சகாராவில் இருக்கிறது. ஆனால் அது மணல்மேடு அல்ல. சாட் நாட்டில் உள்ள போடெலே பள்ளம் ஒரு பழங்காலப் பேரேரியின் வறண்ட அடித்தளம். மணல்மேட்டு மணல் பருமனானது; காற்று அதைத் தூக்கினாலும் சற்றுத் தூரத்தில் கீழே போட்டுவிடும். நாட்கணக்கில் காற்றில் மிதந்து நுரையீரல் வரை போகும் நுண்மண், பெரும்பாலும் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த இடங்களில்தான் கிடக்கிறது. மழைநீர் வண்டலை அடித்துவந்து ஏரியில் படியவைக்கிறது. ஏரி வற்றியதும் அந்த வண்டல் காற்றின் கைக்குப் போகிறது. அமெரிக்காவில் 1913-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் குடிநீருக்காக ஓவன்ஸ் ஆற்றைத் திருப்பிக்கொண்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஓவன்ஸ் ஏரி வற்றியது. பின்னர் அது அந்த நாட்டிலேயே மிகப் பெரிய தூசி மூலங்களில் ஒன்றானது. அந்தத் தூசியை அடக்க நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் சுருங்கிய ஆரல் கடலும், ஹாமூன் ஏரிகள் வறண்டதால் புழுதியில் மூழ்கும் ஈரானின் ஜாபோல் நகரமும் இதே கதையைத்தான் சொல்கின்றன. ஆகவே தூசி பாலைவனம் என்ற பெயரிலிருந்து பிறப்பதில்லை. தண்ணீர் இருந்து போன இடத்திலிருந்து பிறக்கிறது.

சென்னைப் பகுதியின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரைவிடப் பல மடங்கு. ஆனால் இந்தச் சராசரி ஏமாற்றும். மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜனவரி முதல் மே வரை வானம் ஏறக்குறைய வறண்டே கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அந்த வறட்சி அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை நீளும். 2016-ல் தமிழகத்தில் அந்தப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2018-ல் சென்னையில் பாதிக்கும் மேல் குறைந்தது. பல்லாவரம் பெரிய ஏரி, கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நோக்கிச் சரியும் ஏரிகள் இந்தப் பகுதியில் நிறைய. இவற்றின் வரத்துக் கால்வாய்கள் அடைபட்டன, கரைகள் ஆக்கிரமிக்கப்பட்டன. பெரிய ஏரியைத் துரைப்பாக்கம் ரேடியல் சாலை இரண்டாகப் பிளந்தது. அதில் பல ஆண்டுகள் குப்பையும் கொட்டப்பட்டது.

நம் ஏரிகளின் களிமண் காய்ந்தால் இறுகிப் பாளம்பாளமாக வெடிக்குமே தவிர, பாலைவனம்போல் பறக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொந்தரவு செய்யாத களிமண் ஓடு காற்றைத் தாங்கும்; புல் முளைத்தால் இன்னும் தாங்கும். அந்த ஓட்டின் மேல் லாரி ஓடும்போதும், மண் அள்ளும் இயந்திரம் இறங்கும்போதும், இருசக்கர வாகனங்கள் குறுக்குவழி போடும்போதும் அது மாவாக அரைபடுகிறது. ஓவன்ஸ் ஏரியிலும் ஆரல் கடலிலும் உப்பு அந்த ஓட்டைப் பிளக்கிறது. இங்கே அதை நாமே செய்கிறோம். அதனால்தான் வறண்ட ஏரியைத் தொடாமல் விடுவதுகூட ஒரு பொதுச் சுகாதார நடவடிக்கை ஆகிறது.

நம்பிக்கை 2: புகைதான் நஞ்சு; மண்தூசி இயற்கையானது, அது ஒன்றும் செய்யாது.

மூக்கு ஓரளவு தூசியைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தடுப்புக்கு அளவு உண்டு. பத்து மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள் மூச்சுக்குழாய்க்குள் போகும். இரண்டரை மைக்ரோமீட்டருக்குக் குறைந்தது நுரையீரலின் காற்றறை வரை இறங்கும். தலைமுடியின் பருமனே ஐம்பது மைக்ரோமீட்டருக்கு மேல் என்பதால், கண்ணுக்குத் தெரியும் புழுதியைவிடத் தெரியாததே ஆழமாகப் போகிறது. சகாரா தூசி வந்துசேரும் பார்சிலோனாவில் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. பருமனான துகளின் அளவு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது, தூசி இல்லாத நாட்களில் அன்றாட இறப்பு 1.4 சதவீதம் உயர்ந்தது. சகாரா தூசி வந்த நாட்களில் 8.4 சதவீதம் உயர்ந்தது. இயற்கையான மண் என்பதால் உடல் சலுகை காட்டவில்லை.

பல்லாவரத்துக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. இங்குள்ள குன்றுகளும் பரங்கிமலையும் சார்னோகைட் பாறையால் ஆனவை. அதில் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா இருக்கிறது. திரிசூலம், பம்மல் பக்கத்துக் கல்குவாரிகளும் கிரஷர்களும் பல பத்தாண்டுகள் அந்தப் பாறையை உடைத்து நகரம் கட்ட ஜல்லி தந்தன. படிகச் சிலிக்காத் தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் வருகிறது, நுரையீரலில் தழும்பு விழுகிறது, அது ஆறுவதில்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இதை உறுதியான புற்றுநோய்க் காரணியாக 1997-லேயே வகைப்படுத்தியது. கல்லுடைக்கும் தொழிலாளர்களுக்கு நிவாரணமும் மறுவாழ்வும் தர ராஜஸ்தான் அரசு 2019-ல் தனிக் கொள்கையே வகுத்தது. குவாரி மூடப்பட்ட பிறகும் கல்லை அறுப்பதும் பாலிஷ் போடுவதும் பழைய சுவரை இடிப்பதும் நின்றுவிடவில்லை. வறண்ட மாதங்களில் அந்தத் தூள் ஈரமின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தூசி தனியாகவும் வருவதில்லை. நிலத்தில் எதைக் கொட்டினோமோ அதைச் சுமந்து வருகிறது. ஆரல் கடலின் வறண்ட தரையிலிருந்து உப்போடு பருத்தி வயல்களின் பூச்சிக்கொல்லி எச்சமும் பறக்கிறது. பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரம் பல தலைமுறைகளாகத் தோல் பதனிடும் தொழில் நடந்த நிலம். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் தோல் நிறுவனம்தான். இங்கே வறண்ட ஏரி மண்ணையும் சாலையோரத் தூசியையும் எடுத்து உலோகங்களுக்காகச் சோதிப்பது பீதி கிளப்பும் வேலை அல்ல, அடிப்படைக் கடமை.

நம்பிக்கை 3: உலர்ந்த காற்று நுரையீரலுக்கு மருந்து.

இந்த நம்பிக்கைக்கு நம் ஊரிலேயே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவைதான் உலகெங்கும் சிகிச்சை. அமெரிக்காவில் காசநோயாளிகளை அரிசோனாப் பாலைவனத்துக்கே அனுப்பினார்கள். இருந்ததைக் கொண்டு நோயாளியைத் தாங்க முயன்ற அந்த மருத்துவர்களின் அக்கறை பெரிது. ஆனால் 1940-களில் ஸ்டிரெப்டோமைசின் வந்த பிறகுதான் நோயைக் குணப்படுத்த முடிந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஓய்வும் சத்துணவும் கிடைத்தன. மற்றவர்கள் நெரிசலான வீடுகளிலேயே மாத்திரை சாப்பிட்டார்கள். 1959-ல் வெளியான முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது: வீட்டில் மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள்.

அப்படியானால் காற்று முக்கியமில்லையா என்ற கேள்வி எழும். நல்ல காற்று காசநோயைக் குணமாக்காது. கெட்ட காற்று நுரையீரலைக் கெடுக்கும். இந்த இரண்டும் ஒருசேர உண்மை. உலர்ந்த காற்று என்பதும் சுத்தமான காற்று என்பதும் வேறு வேறு. ஈரம் குறையக் குறைய மண்ணின் பிடிப்பு தளர்கிறது, காற்றிலிருந்து துகளைக் கழுவ மழை இல்லை, மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிச்சவ்வு காய்ந்து தன் காவலில் பின்தங்குகிறது. ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரையிலான பகுதியில் மூளையுறை அழற்சி வறண்ட, தூசி நிறைந்த மாதங்களில் பரவி, மழை தொடங்கியதும் தணிகிறது. தூசியும் உலர்காற்றும் தொண்டைச் சவ்வைப் புண்ணாக்குவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நம்பிக்கை 4: கடற்காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

வங்கக் கடல் பல்லாவரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது. கடற்காற்று சென்னைக்குப் பெரிய வரம் என்பதில் ஐயமில்லை. டெல்லியின் குளிர்காலக் காற்றோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்து வைத்தவர்கள்தான். ஆனால் கடற்காற்று நாள் முழுதும் வீசுவதில்லை. கோடையில் மேற்குக் காற்று வலுத்தால் அது பிற்பகலில் வெகு தாமதமாகவே உள்ளே வருகிறது. இரவில் நிலக்காற்று நகரின் துகளைக் கடல் மேல் கொண்டுபோகிறது. மறுநாள் கடற்காற்று அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவருகிறது. குளிர்ந்த கடற்காற்று சூடான காற்றுக்கு அடியில் நுழையும்போது, துகள் மேலே கலைந்து போவதற்கான உயரமும் குறைந்துவிடுகிறது. போகிப் பண்டிகையின் விடியற்காலைப் புகைமூட்டம் விமான நிலையத்தையே முடக்கும்போது, கடலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘டெல்லியைவிடப் பரவாயில்லை’ என்பது உடல்நலத்துக்கான அளவுகோல் ஆகாது. பிஎம் 2.5 நுண்துகளுக்கு இந்தியா 2009-ல் வகுத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-ல் பரிந்துரைத்ததோ 5 மட்டுமே.

நம்பிக்கை 5: நகரத்துக் காற்று கெடுவது வாகனத்தாலும் தொழிற்சாலையாலும், அதற்கும் வறட்சிக்கும் சம்பந்தமில்லை.

இதுதான் இருப்பதிலேயே வலுவான மறுப்பு. நகர நுண்துகளில் வாகனப் புகைக்கும் தொழிற்சாலைக்கும் குப்பை எரிப்புக்கும் பெரும்பங்கு உண்டு. மண்தூசி முக்கியமாகப் பருமனான பிஎம் 10 துகளையே கூட்டுகிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வறட்சி இந்த மூலங்களுக்கு வெளியே நிற்பதில்லை. ஒவ்வொன்றையும் அது பெருக்குகிறது. ஆழ்துளைக் கிணறு வற்றியதும் புறநகர் டேங்கர் லாரியை நம்புகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து டீசல் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஒவ்வொரு நடையும் புகையையும் சாலைப் புழுதியையும் கூட்டுகிறது. காய்ந்த குப்பைமேடு எளிதில் தீப்பிடிக்கிறது. 2022 ஏப்ரல் இறுதியில் பள்ளிக்கரணையை ஒட்டிய பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்தது. வெயிலும் வெப்பமும் ஏறும்போது வாகனப் புகையிலிருந்து தரைமட்ட ஓசோன் உருவாவதும் கூடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு காற்றைக் கழுவ வேண்டிய மழை வருவதில்லை. புகைக்குக் காரணம் வண்டி, புழுதிக்குக் காரணம் வறட்சி என்று கணக்கைப் பிரித்து வைப்பது இதனால்தான் தவறாகிறது.

மழை வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. காற்று சில நாட்களில் தெளியும். நுரையீரல் அப்படித் தெளிவதில்லை. ஒரு வறண்ட பருவத்தில் ஆஸ்துமா முற்றிய குழந்தைக்கும், சாலையைப் பெருக்கிய தூய்மைப் பணியாளருக்கும், ஜி.எஸ்.டி. சாலையோரம் நாள் முழுதும் கடை போட்டவருக்கும் மழை பழைய மூச்சைத் திருப்பித் தருவதில்லை. மூக்கைச் சுற்றிக் கட்டும் கைக்குட்டையும் பருமனான புழுதியைத்தான் தடுக்கும். நுண்துகளுக்கு முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் வேண்டும்.

மத்திய வேளாண் அமைச்சகத்தின் 2016-ஆம் ஆண்டு வறட்சி மேலாண்மைக் கையேடு மழையளவு, பயிர்ப்பரப்பு, மண் ஈரம், நீர் இருப்பு ஆகியவற்றைக் கொண்டு வறட்சியை அளக்கச் சொல்கிறது. காற்றுத் தரம் அந்தக் கணக்கில் இல்லை. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது நிவாரணம் பயிரை ஒட்டியே அமைந்தது. விவசாயிக்கு அது நியாயம். ஆனால் புறநகரில் வறட்சி மூச்சுக்குழாயையும் தாக்குகிறது. தாம்பரம் மாநகராட்சி 2021-ல் உருவானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று சிதறிக் கிடந்த நகராட்சிகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஏரிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. வரத்துக் கால்வாய்களைத் திறந்து ஏரியில் கோடை வரை ஈரம் நிற்கச் செய்வது, வறண்ட ஏரிக்குள் வண்டி இறங்காமல் தடுப்பது, கட்டுமான இடங்களில் வலை கட்டித் தண்ணீர் தெளிக்க வைப்பது, குப்பை எரிப்பை முழுதாக நிறுத்துவது, ஆலந்தூர், பெருங்குடி நிலையங்களின் காற்று அளவீட்டைப் பள்ளிகளுக்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கும் நாள்தோறும் சொல்வது ஆகிய எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஏரியை வற்றவிட்டு, பிறகு அதே ஏரித் தரையில் தண்ணீர் பாய்ச்சித் தூசியை அடக்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் செலவை ஏற்கும் நிலையில் பல்லாவரம் இல்லை. ஏரியில் இன்று நாம் காக்கும் தண்ணீர்தான் இங்கே மிக மலிவான நுரையீரல் மருத்துவம்.