தீர்த்தமலை அடிவாரச் சமையலுக்கு எந்த எரிபொருள்?

அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தீர்த்தமலைக்குக் குடும்பத்தோடு வேன் கட்டிக்கொண்டு வந்து, மலைமேல் இராம தீர்த்தத்தில் நீராடி, தீர்த்தகிரீசுவரரைத் தரிசித்து இறங்கியபின் அடிவாரத்தில் தாமே பொங்கி உண்ண விரும்புவோர், அரிசி பருப்பைப் பற்றிச் செய்யும் யோசனையில் பாதியையாவது எரிபொருளைப் பற்றிச் செய்தல் அவசியம். விலையை வைத்தே இதைத் தீர்மானிப்பவர் பலர். என் அபிப்பிராயத்தில் முதற்கேள்வி, அப்பொருள் கசிந்தால் எங்கே போய்த் தங்கும் என்பதேயாகும். பாய்மரப் படகில் நெடும்பயணம் போகிறவர்களும் அடுப்பு வாங்குமுன் இதைத்தான் கேட்கிறார்கள்; சமையல் எரிவாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானதாகையால், கசிந்தது மேலெழுந்து கலைந்து போகாமல் படகின் அடித்தளத்தில் தேங்கி நின்று, ஒரு பொறி கிடைத்த மாத்திரத்தில் வெடிக்கும். சன்னல்கள் சாத்திய வேனின் தரையும் இவ்விஷயத்தில் படகின் அடித்தளமே.

முதற்கண் தேவையைக் கணக்கிடுங்கள். காற்று வீசும் வெளியில் பாதி வெப்பம் வீணாகிறது என்று கொண்டால், 10 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க எரிவாயுவானாலும் மண்ணெண்ணெயானாலும் ஏறத்தாழ 130 கிராம் செலவாகும். மூன்று கல் கூட்டிய அடுப்பிலோ அதற்கே சுமார் ஒன்றரைக் கிலோ உலர்ந்த விறகு வேண்டும். ஆகவே இருபது பேருக்குச் சோறும் சாம்பாரும் ஒரு பொரியலும் ஆக்குவதற்கு 5 கிலோ சிறு சிலிண்டர் தாராளம். முகவரிச் சான்று கேளாமலே அதை விற்கிறார்கள்.

விறகைத்தான் கொள்வது என்று உறுதி செய்தவர்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரட்டும். இம்மலையைச் சூழ்ந்திருப்பது காடு. அங்கே ஒரு சுள்ளியை ஒடிப்பதும் தகாது. பங்குனி, சித்திரையில் புல் சருகாய்க் காய்ந்து கிடக்கையில், பறந்து விழும் ஒரு தணல் சரிவு முழுவதையும் கருக்கிவிடக்கூடும் என்பதால், அம்மாதங்களில் விறகடுப்பை அறவே தவிர்ப்பதே விவேகம்.

மண்ணெண்ணெயின் சிறப்பு, சிந்தினாலும் ஈரமாய்க் கண்ணுக்குத் தெரிவதும், வாயுவைப்போல் சட்டெனப் பற்றாததுமாகும். சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892-இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வழிவந்த பம்ப் ஸ்டவ், காற்றிலும் ஓரளவு நின்று எரியும். ஆயின் அதைக் கையாளப் பழக்கம் வேண்டும்: மேலுள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரித்துப் பர்னரை நன்றாகச் சூடாக்கிய பிறகே பம்ப் அடிக்க வேண்டும், அவசரப்பட்டால் மஞ்சள் சுவாலை ஆளுயரம் எழும்பிப் பாத்திரத்தைக் கரியாக்கும். துவாரம் அடைத்துக்கொண்டால் குத்திவிடப் பின் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். சூடாயிருக்கும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதும், மண்ணெண்ணெயோடு பெட்ரோலைக் கலப்பதும் உயிருக்கே அபாயம். ரேஷனில் இன்று அது அரிதாகிவிட்டபடியால், பழைய ஸ்டவும் அதில் பழகிய கையும் உள்ள வீட்டார்க்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

ஸ்பிரிட்டை மட்டுமே நம்பிச் சமைப்பது வீண்சிரமம். வெப்பம் குறைவு, வெயிலில் சுடரும் தெரியாது, குழந்தைகள் கை நீட்டிவிடும்.

எனவே பெரும்பாலோர்க்கு எரிவாயுவே உத்தமம், கீழ்க்கண்டவற்றைத் தவறாது செய்வதானால். வேனில் சிலிண்டரை நிமிர்த்தியே கட்டி, வால்வை மூடி, மூடியும் இட்டு, சன்னலைத் திறந்துவைத்துக் கொண்டுவாருங்கள். படுத்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே பாயும். அடிவாரத்தில் சமதரை பார்த்து, வேனுக்கும் சருகுக்கும் விலகி அடுப்பை வையுங்கள். ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் சேரும் இடங்களில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று நிதானமாய்க் கவனித்தபின்பே தீக்குச்சியைத் தொடுங்கள். மூக்கை மட்டும் நம்புவது போதாது, ஏனெனில் வாயுவிற் சேர்த்துள்ள வாடை வீசும் காற்றில் உங்களை எட்டாமலே போகலாம். காற்றை மறிக்கத் தகரத்தை மூன்று புறமும் நிறுத்தும்போது சிலிண்டர் அந்த மறைப்புக்கு வெளியே, குழாயின் நீளம் அனுமதிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். உள்ளே வைத்தால் அடுப்பின் அனல் முழுவதும் அதன்மேல் படியும். இங்குள்ள குரங்குகள் உணவைக் கண்டால் பாய்ந்துவருமாதலால், அடுப்பண்டையில் கோலுடன் ஒருவர் எப்போதும் இருப்பது நலம். கொதிக்கும் அண்டா கவிழ்ந்தால் எந்த எரிபொருளாயினும் ஒன்றுதான்.

சமையல் முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, குழாயிலுள்ள மிச்சம் எரிந்து சுடர் தானே அணைந்தபின் அடுப்பின் திருகை மூடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடியிட்டு, பாத்திரங்களையெல்லாம் ஏற்றிய பிறகு கடைசியாக அதை வேனில் ஏற்றலாம்.