விளையாட்டில் முதலிடம், விடைத்தாளில் காணோம்!

கேள்வி: திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டு மாடியில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை டியூஷன் எடுக்கிறேன். அன்றைய பாடம் முடிந்ததும் கஹூட், குவிஸிஸ் போன்ற செயலிகளில் குவிஸ் வைப்பேன். பிள்ளைகள் போட்டி போட்டு விளையாடுகிறார்கள். ஆனால் காலாண்டுத் தேர்வில் அதே கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் ஒரே போன்தான். அதுவும் மில் ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்தால்தான் கிடைக்கும். ‘காசு கட்டி டியூஷனுக்கு அனுப்பினா அங்கேயும் போன்தானா?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம். எப்போது வைக்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்ற இரண்டை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் நேரம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு பக்கம். ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். மறக்கத் தொடங்கிய ஒன்றை முக்கி முனகி நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் அது மனதில் தங்குகிறது. பாடம் முடிந்த சூட்டோடு வைக்கும் குவிஸில் அந்த முயற்சிக்கு வேலையே இல்லை. அதனால் பத்துக் கேள்வி வைத்தால் மூன்று இன்றைய பாடத்திலிருந்தும், நான்கு போன வாரத்திலிருந்தும், மூன்று போன மாதத்திலிருந்தும் இருக்கட்டும். மதிப்பெண் முதலில் சரியும், கலங்க வேண்டாம்.

வேகத்தையும் குறையுங்கள். கஹூட்டில் சீக்கிரம் தட்டுபவருக்குப் புள்ளி அதிகம். யோசித்துப் போடும் பிள்ளை பின்தங்க, குருட்டாம்போக்கில் தட்டுகிற பிள்ளை மேலே வந்துவிடும். நேரத்தைக் கூட்டி வையுங்கள், முடிந்தால் புள்ளியையே எடுத்துவிடுங்கள். 2015-இல் பெங்களூரில் தொடங்கிய குவிஸிஸில் (இப்போது வேகிரவுண்ட் என்று பெயர் மாறியிருக்கிறது) டைமர் இல்லாமல் அவரவர் வேகத்தில் விடை சொல்ல வைக்கலாம்.

அடுத்தது கேள்வி. ஆயத்தக் குவிஸ்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று: கூட்டுத் தொடர்வரிசையின் முதல் உறுப்பு 3, பொது வித்தியாசம் 4, பத்தாவது உறுப்பு என்ன? விடைகளாக 36, 39, 40, 43 கொடுங்கள். சரியான விடை 39. 43 என்பவர் ஒன்பதால் பெருக்காமல் பத்தால் பெருக்கியிருக்கிறார். 36 என்பவர் முதல் உறுப்பைக் கூட்ட மறந்தவர். 40 என்பவர் இரண்டு தப்பையும் சேர்த்துச் செய்தவர். வகுப்பில் பாதிப் பேர் 43 என்றால், n−1 ஏன் வருகிறது என்பதுதான் உங்கள் மறுநாள் பாடம். யார் முதலிடம் என்பதை விட்டுவிட்டு, எந்தத் தப்பு அதிகம் என்று பாருங்கள். அந்தத் தப்பைப் போர்டில் போட்டுக் காட்டாமல் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

போன் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. பிளிக்கர்ஸ் என்ற செயலிக்கு உங்கள் ஒரு போன் போதும். கியூஆர் கோடு போன்ற கறுப்புக் கட்டம் அச்சிட்ட அட்டைகளை அவர்கள் இணையதளத்திலிருந்து பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். தன் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் கேமராவால் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லார் விடையும் பதிவாகிவிடும். அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது. பிள்ளைகளின் முழுப் பெயர் வேண்டாம், அட்டை எண்ணே போதும்.

இனி எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மார்க் கேள்விகள் 14 மட்டுமே. மீதி 86 மதிப்பெண் எழுதித்தான் வரும். அதில் வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. காம்பஸும் கிராஃப் தாளும் எடுக்காமல் அந்த 16-ஐ வாங்க முடியாது. பாடநூலில் ‘இணையச் செயல்பாடு’ என்று வரும் ஜியோஜீப்ராப் பயிற்சிகள் புரியவைக்க உதவும்; கைப் பழக்கம் நோட்டில்தான் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வு எழுதுவதாக இருந்தால் கதை வேறு. இரண்டு தாளிலும் தலா 90 கேள்விகள், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை. அங்கே குவிஸுக்கு நேரம் கூட ஒதுக்கலாம். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் முதல் கட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஆட்டமும் பாட்டும் கதையுமாகப் பாடம் நடந்ததை அவர்களே பார்த்திருப்பார்கள். அவர்கள் கோபம் விளையாட்டின் மேல் இல்லை, போன் மேல்தான். அட்டைக்கு மாறினால் அதில் பாதி போய்விடும். மீதிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ‘தப்பு நோட்டு’ போடச் சொல்லுங்கள்: குவிஸில் தவறிய கணக்கு, ஏன் தவறியது என்று ஒரு வரி, ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி போட்ட தேதி. கேட்கிற பெற்றோரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள். அரையாண்டுக்குப் பிறகும் ஒரே தப்பு அதில் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பாடத்துக்குக் குவிஸை நிறுத்திவிட்டு முதலிலிருந்து நடத்துங்கள்.