கலைந்துபோன பேண்டை பயோடேட்டாவில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். ஆனால் 'பொழுதுபோக்கு: இசை' என்று கடைசி வரியில் ஒண்டவைப்பதற்கு எழுதாமலே இருக்கலாம். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

என் கதையையே சொல்கிறேன். கல்லூரி முடிக்கிற சமயத்தில் கம்பத்தில் நான்கு பேர் சேர்ந்து ராக் பேண்டு ஆரம்பித்தோம். ஆயுசு எட்டு மாதம், ஏறியது மூன்று மேடை. திராட்சைப் பெட்டி அடுக்குகிற குடோனில் சாயங்காலப் பயிற்சி. எலெக்ட்ரிக் கிட்டாரை முறுக்கினால் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் கூடச் சேர்ந்து பாடும். முதல் மேடை ஆடி மாதத்தில், ஒரு கோயில் திருவிழாவில். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று எப்படியென்று தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மைக்கில் எங்களைவிடக் காற்றுதான் நன்றாகப் பாடியது. மூன்றாவது பாட்டில் ஒரு பெரியவர் மேடையோரம் வந்து, "தம்பிகளா, தெரிஞ்ச பாட்டா ஏதாச்சும் பாடுங்கப்பா" என்றார். அரைகுறையாகத் தெரிந்த ராஜா பாட்டு ஒன்றை வாசித்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டோம்.

நேர்முகத்தில் சொல்ல வேண்டியது அந்தப் பெரியவரைத்தான். எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும், நீ என்ன கொடுத்தாய், கேட்டதும் எப்படி மாற்றினாய் என்கிற கேள்வி எந்த வேலைக்குப் போனாலும் ஏதோ ஒரு வேஷத்தில் வரும். "இசைதான் என் உயிர்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு ராத்திரியைச் சொல்லுங்கள். எத்தனை நாள் பயிற்சி, அட்வான்ஸ் எவ்வளவு, சவுண்டு சர்வீஸுக்குக் கொடுத்ததுபோகக் கையில் நின்றது எவ்வளவு என்று தொகையோடு சொல்லுங்கள்.

ஏன் கலைந்தது என்றும் கேட்பார்கள். நாங்கள் உடைந்தது கீபோர்டில். நாலு பேரும் காசு போட்டு வாங்கியது. யார் வீட்டில் இருப்பது என்று பேசிவைக்கவில்லை, கணக்கு நோட்டும் கிடையாது. முதல் நேர்முகத்தில் டிரம்ஸ்காரன் மேல் பழியைப் போட்டேன். வேலை கிடைக்கவில்லை. (அது மட்டுமே காரணமில்லை, என் டைப்பிங்கும் மோசம்.) அடுத்த இடத்தில், "கணக்குக்கு ஒரு ஆளை வைக்காதது எங்கள் தப்பு. இப்போது எதில் சேர்ந்தாலும் எதற்கு யார் பொறுப்பு என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன்" என்றேன். சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்தபிறகு உங்கள் வேலையே காணாமல் போனால்? அதற்குப் பண்ணைப்புரம் போக வேண்டும். எங்கள் உத்தமபாளையம் பக்கம்தான். பாவலர் வரதராசன் தம்பிகளோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். தம்பி ராசையாவுக்கு அந்தக் குழுவில் பெண்குரலில் பாடுகிற வேலை. மகரக்கட்டு உடைந்ததும் அது போயிற்று. பையன் குழுவை விட்டுப் போகவில்லை, ஆர்மோனியத்துக்கு மாறினான். அறுபதுகளின் கடைசியில் சென்னை, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர், 1976இல் 'அன்னக்கிளி'. நமக்கு இளையராஜா ஆகும் யோகம் இருக்கிறதோ இல்லையோ, நம் இடத்தில் மென்பொருள் வந்து உட்காரும்போது அதே ஆபீசில் எந்த ஆர்மோனியம் சும்மா கிடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ராஜினாமா எழுதலாம்.

இன்னொன்று, கூட வாசித்தவர்கள். ஏ.ஆர். ரஹ்மானும் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்று ஒரு ராக் பேண்டு வைத்திருந்தார். அதற்குப் பெரிய பேர் ஒன்றும் இல்லை. 'ரூட்ஸ்' என்கிற இன்னொரு குழுவில் அவர் கீபோர்டு வாசித்தார்; கூட இருந்தவர்கள் டிரம்ஸ் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ். 1992இல் 'ரோஜா' வந்தது. அடுத்த வருஷமே 'ஜென்டில்மேன்' படத்தில் சிக்குபுக்கு ரயிலைக் கிளப்பிய குரல்களில் ஒன்று அதே சுரேஷ் பீட்டர்ஸுடையது. சிவமணி இன்றுவரை ரஹ்மான் மேடைகளில் வாசிக்கிறார். திறமைசாலி என்று சான்றிதழ் பார்த்து எடுத்த ஆட்கள் இல்லை இவர்கள். இருமினால்கூட எந்தத் தாளத்தில் இருமுவான் என்று தெரிந்தவர்கள்.

ஆகவே சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலும் நம்பரை அழிக்காதீர்கள். கம்பெனி ஆண்டு விழாவுக்கு சவுண்டு சர்வீஸ் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, பல வருஷம் கழித்து அந்த டிரம்ஸ்காரனைத்தான் கூப்பிட்டேன். சின்னமனூரில் சொந்தமாக மைக் செட் வைத்திருக்கிறான். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிகிறவரை மூச்சுவிட நேரமில்லை, அதுக்கப்புறம்னா வர்றேன் என்றான். வாடகை பேசினோம், அட்வான்ஸ் பேசினோம், இரண்டையும் எழுதிக்கொண்டோம். கீபோர்டு இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.